சிம்மாசனமும் பீடமும்

வாரிசுச் சண்டைக் கதைகளில் கடைசியில் நாற்காலியில் உட்கார்ந்தவர் யார் என்பது இரண்டாம்பட்சமான விஷயம். செத்தவர்களின் சாவுக்கு யார் பொறுப்பு என்ற கேள்வியைக் கதை எப்படி எதிர்கொள்கிறது என்பதை வைத்தே அதன் தரத்தை மதிப்பிட வேண்டும் என்று நினைக்கிறேன். இதைச் சொல்ல இப்போது அவசியம் வந்திருப்பதற்குக் காரணம், 'ஹவுஸ் ஆஃப் த டிராகன்' என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரைப் பற்றி நம் வட்டத்தில் ஓயாமல் நடந்துவரும் பேச்சு. நண்பர் ஒருவர், நல்ல கதைகள் எழுதியவர், பாளையங்கோட்டையில் ஒரு மாலை முழுவதும் அதைப் பற்றியே பேசினார். இரண்டு தரப்பு நியாயத்தையும் இவ்வளவு சமமாகக் காட்டிய வேறொன்றைத் தாம் சமீபத்தில் பார்க்கவில்லை என்றும், குடும்பக் கதை எழுதும் தமிழ் எழுத்தாளர்கள் இதிலிருந்து கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது என்றும் சொன்னார். எனக்கு அப்போது பதில் சொல்லத் தெரியவில்லை. ஏதோ இடறுகிறது என்று மட்டும் தெரிந்தது. இரண்டு பருவங்களையும் மறுபடி பார்த்தேன். இடறியது என்ன என்பதை யோசித்ததன் விளைவு இந்தக் கட்டுரை. வெகுஜன சாதனத்தில் வருவதாலேயே ஒரு படைப்பை ஒதுக்கிவிடுவது எனக்கு உடன்பாடில்லை. பார்த்துவிட்டு மறுப்பதே நேர்மை.

1

தொடரைப் பார்க்காதவர்களுக்குச் சுருக்கம் இது. வெஸ்டெரோஸ் என்ற கற்பனை நாட்டை, டிராகன்கள் மீதேறிப் பறக்கும் டார்கேரியன் வம்சம் ஆள்கிறது. அரசன் விசெரிஸுக்கு ஆண்பிள்ளை இல்லை. பிரசவத்தில் மனைவியின் வயிற்றைக் கிழித்துப் பிள்ளையை எடுக்கச் சம்மதிக்கிறான். மனைவி சாகிறாள், பிள்ளையும் ஒரு நாள் தங்கவில்லை. மகள் ரெய்னீராவை வாரிசாக அறிவித்துப் பிரபுக்களைச் சத்தியம் செய்யவைக்கிறான். பிறகு மகளின் தோழி அலிசென்ட்டையே இரண்டாம் தாரமாகக் கட்டிக்கொள்கிறான். அவளுக்கு ஆண்பிள்ளைகள் பிறக்கிறார்கள். அறிவித்ததை மாற்றவும் மாட்டான், அதைக் காப்பாற்றுவதற்கான ஏற்பாட்டையும் செய்யமாட்டான். அவன் கண்ணை மூடியதும் இரண்டு வயிற்றுப் பிள்ளைகளும் மோதிக்கொள்கிறார்கள். ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டின் 2018இல் வெளியிட்ட 'ஃபயர் அண்ட் பிளட்' என்ற நூல் இதற்கு ஆதாரம். முதல் பருவம் 2022இல் பத்து அத்தியாயங்கள், இரண்டாம் பருவம் 2024இல் எட்டு அத்தியாயங்கள் வந்தன. மார்ட்டினுக்கு முன்னால் இங்கிலாந்தின் சரித்திரம் இருந்தது. முதலாம் ஹென்றியின் மகன் 1120இல் கப்பல் மூழ்கிச் செத்ததும், மகள் மட்டில்டாவுக்காகப் பிரபுக்கள் சத்தியம் செய்ததும், 1135இல் ஹென்றி இறந்தபோது மருமகன் முறையான ஸ்டீபன் முடியைத் தட்டிக்கொண்டுபோனதும், 1153 வரை நாடு தீப்பிடித்து எரிந்ததும் அவர் அறிந்து எடுத்தாண்ட விஷயங்கள்.

நல்லதை முதலில் சொல்லிவிட வேண்டும். விசெரிஸ் பாத்திரத்தின் வார்ப்பு சாதாரணமானதல்ல. வாள்களை உருக்கிச் செய்த அரியணை அவனைக் கீறுகிறது; கீறல் ஆறவில்லை; உடம்பு ஆண்டுக்காண்டு அழுகிக்கொண்டே போகிறது. எட்டாம் அத்தியாயத்தில், பாதி முகத்தை மூடிய தங்க முகமூடியோடு, கோலை ஊன்றி அவன் அரியணையை நோக்கி நடக்கிறான். பேட்டி கான்சிடைன் என்ற நடிகர் அந்த நடையில் ஒரு வம்சத்தின் முடிவையே நடந்து காட்டிவிடுகிறார். தலையிலிருந்து விழும் முடியை, வாழ்நாளெல்லாம் அதற்கு ஆசைப்பட்ட தம்பி டேமன் எடுத்து அண்ணன் தலையில் வைக்கிறான். வசனமே இல்லாத இந்த இடத்தில் தொடர் தன் உச்சத்தைத் தொட்டது.

அதே அத்தியாயத்தின் கடைசியிலேயே சரிவும் தொடங்கிவிடுகிறது. மரணப் படுக்கையில் விசெரிஸ், பக்கத்தில் இருப்பது மகள் என்று எண்ணி, முன்னோன் ஏகான் கண்ட கனவைப் பற்றி முணுமுணுக்கிறான். கேட்டுக்கொண்டிருப்பவள் மனைவி. தன் மகன் ஏகானை அரசனாக்கச் சொல்கிறான் என்று அவள் எடுத்துக்கொள்கிறாள். ஒரு பெயர்க் குழப்பம். அவளுடைய தகப்பனும் மந்திரிகளும் முன்பே சதி செய்துவைத்திருந்தார்கள் என்று அடுத்த அத்தியாயம் காட்டுவது உண்மைதான். ஆனால் அலிசென்ட்டின் மனச்சாட்சியைத் தொடர் இந்தக் காதுப் பிழையைக் கொண்டே கழுவிவிடுகிறது.

பத்தாம் அத்தியாயத்தில் ஏமண்ட் தன் கிழட்டு டிராகன் மீதேறி, ரெய்னீராவின் மகனான சிறுவன் லூசெரிஸைத் துரத்துகிறான். புத்தகத்தில் அது பழிவாங்கல். தொடரிலோ அவன் பயமுறுத்த மட்டும் நினைக்கிறான். டிராகன் அவன் பேச்சைக் கேட்காமல் சிறுவனைக் கடித்துக் குதறிவிடுகிறது. ஏமண்டின் முகத்தில் திகைப்பு. இரண்டாம் பருவத்தின் தொடக்கத்தில் இதற்குப் பதிலடியாக அரண்மனைக்குள் ஆள் அனுப்பப்படுகிறது. ஏமண்டைத் தேடி வந்த கூலிகள், அவன் கிடைக்காததால் ஒரு பச்சைக் குழந்தையைக் கொல்கிறார்கள். அனுப்பிய டேமன் அதற்கும் வழி சொன்னானா என்ற இடத்தில் காட்சி வெட்டப்படுகிறது.

ஆக, போரைத் தொடங்கிவைக்கும் மூன்று சம்பவங்களில் ஒன்று தவறாகக் கேட்ட சொல், ஒன்று அடங்காத மிருகம், ஒன்று ஆள் கிடைக்காமல் நடந்த மாற்றுக் கொலை. நண்பர் சமநிலை என்று புகழ்ந்தது இதைத்தான். இரண்டு பெண்களையும் பார்வையாளன் கடைசிவரை நேசிக்க வேண்டும். அதற்காகக் குற்றத்தை யார் கையிலும் முழுசாகத் தங்கவிடாமல் தொடர் நழுவிக்கொண்டே போகிறது. எல்லோருக்கும் வலிக்கிறது, யாரும் செய்யவில்லை. இதை நான் பாரபட்சமின்மை என்று ஒப்புக்கொள்ளமாட்டேன். இது பொறுப்பைக் கரைத்துவிடும் உத்தி.

மார்ட்டினின் நூல் இப்படிச் செய்யவில்லை. அது பிற்காலத்து அறிஞன் ஒருவன் எழுதிய சரித்திரம் என்ற பாவனையில் போகிறது. அவன் முன் இருப்பவை ஒன்றோடொன்று ஒத்துப்போகாத சாட்சியங்கள். மதகுரு ஒருவன் ஒன்று சொல்கிறான், அரண்மனை அறிஞன் வேறு சொல்கிறான், மஷ்ரூம் என்ற குள்ள விதூஷகன் ஆபாசமாக மூன்றாவது ஒன்று சொல்கிறான். சாட்சிக்கு முகம் உண்டு, சார்பு உண்டு. தவறாகக் கேட்ட கடைசிச் சொல் என்ற சம்பவமே நூலில் கிடையாது. தொடர் இந்தச் சாட்சிகள் எல்லோரையும் வெளியேற்றிவிட்டுக் காமிராவை மட்டும் அறைக்குள் வைத்துக்கொள்கிறது. காமிராவுக்கு ஊரும் பேரும் இல்லை. எனவே அது சொல்வது உண்மையாகிவிடுகிறது.

ஒன்பதாம் அத்தியாயத்தில் ஒரு காட்சி. ஏகானுக்கு முடிசூட்டுகிறார்கள். ஜனங்களைக் கூட்டிவந்து மண்டபத்தில் அடைத்திருக்கிறார்கள். ரெய்னிஸ் என்ற இளவரசி, தனக்கு நியாயமாக வந்திருக்க வேண்டிய அரியணையை ஆண்கள் கூடிப் பறித்துக்கொண்டதைத் தாங்கிக்கொண்டு வாழ்பவள், டிராகனோடு தரையைப் பிளந்துகொண்டு மேலே வருகிறாள். நின்றுகொண்டிருந்த ஜனங்கள் நசுங்கிச் சிதறுகிறார்கள். மேடைக்கு முன்னால் வந்து நின்று, அரச குடும்பத்தை எரிக்காமல் பார்த்துவிட்டுப் பறந்துபோய்விடுகிறாள். அவளுடைய பெருந்தன்மையின் காட்சி இது. எத்தனை பேர் நசுங்கினார்கள் என்று அவளும் கேட்கவில்லை, அவளை இவ்வளவு நுட்பமாகப் படைத்தவர்களும் கேட்கவில்லை.

இரண்டாம் பருவத்தில் இந்தக் குறை அவர்களுக்கே உறைத்திருக்கிறது போலும். கொன்றவர்களில் ஒருவன் எலி பிடிக்கிறவன் என்பதால், அரசன் நகரத்து எலிபிடிப்பவர்கள் அத்தனை பேரையும் தூக்கில் தொங்கவிடுகிறான். அவர்களுடைய பெண்கள் சுவரடியில் நின்று அழுகிறார்கள். கிழ மந்திரி கோபப்படுகிறான். ஜனங்களின் அனுதாபத்தை இழந்தோமே என்பது அவன் கோபம். பிறகு கதை மறுபடி அரண்மனைக்குப் போய்விடுகிறது. தொங்கிய எலிபிடிப்பவன் திரும்பி வருவதில்லை.

திரும்பி வருவதில்லை என்று நான் சொல்வது அலங்காரத்துக்கு அல்ல. செத்தவன் திரும்பி வந்து கணக்குக் கேட்கும் கதை வடிவம் ஒன்று நம் பக்கத்தில் இருக்கிறது. அதற்கு வருவதற்கு முன், நம் ஆற்றங்கரையில் நடந்த ஒரு வாரிசுச் சண்டையைப் பார்க்க வேண்டும்.

2

ஏரலைத் தாண்டிக் கிழக்கே போனால், தாமிரபரணி கடலில் சேரும் இடத்துக்கு அருகே பழையகாயல் இருக்கிறது. இன்று உப்பளமும் உடைமரமும். 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் அது பெரிய துறைமுகம். அரேபியாவிலிருந்தும் பாரசீகத்திலிருந்தும் குதிரைகள் இறங்கின. வெனிஸ் நகரத்து மார்க்கோ போலோ அதைப் பார்த்து எழுதிவைத்தான். கால்டுவெல் பாதிரியார் 1881இல் வெளியிட்ட திருநெல்வேலிச் சரித்திரத்தில் இந்தக் காயலைப் பற்றி விரிவாகவே ஆராய்ந்திருக்கிறார்.

மார்க்கோ போலோ சொல்வது இது: இந்த நாட்டை உடன்பிறந்த ஐந்து அரசர்கள் ஆள்கிறார்கள், காயல் அவர்களில் மூத்தவனுடையது. இவர்கள் தங்களுக்குள் சண்டைக்குக் கிளம்பும்போதெல்லாம் தாய்க்காரி குறுக்கே வந்து நிற்கிறாள். கத்தியை எடுத்து, உங்களுக்குப் பால் கொடுத்த மார்பை அறுத்துக்கொள்வேன் என்கிறாள். பிள்ளைகள் அடங்குகிறார்கள். அவள் செத்த பிறகு இவர்கள் ஒருவரையொருவர் அழித்துக்கொள்வார்கள் என்றும் அவன் எழுதியிருக்கிறான்.

அப்படியே ஆயிற்று. பாரசீகச் சரித்திரக்காரன் வஸ்ஸாஃப் மீதியைச் சொல்கிறான். மாறவர்மன் குலசேகர பாண்டியன் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆண்டவன். பட்டத்து ராணியின் மகன் சுந்தர பாண்டியன் இருக்க, காமக்கிழத்தி மகன் வீர பாண்டியனை வாரிசாக்க நினைத்தான். 1310இல் சுந்தர பாண்டியன் தகப்பனைக் கொன்றான். சகோதரர்கள் மோதினார்கள். 1311இல் மாலிக் காஃபூரின் படை மதுரைக்குள் நுழைந்தது. டிராகன் ஒன்று நீங்கலாக மார்ட்டினுக்குத் தேவையான அத்தனையும் இதில் இருக்கிறது. முறைப்படி வாரிசு ஒருவன், தகப்பன் மனம் வைத்த வாரிசு வேறொருவன். நடுவில் நிற்கும் தாய். வீட்டுச் சண்டையின் மேல் வந்து இறங்கும் வெளிப்படை.

இதைச் சொன்னவர்கள் ஒரு வெனிஸ்காரனும் ஒரு பாரசீகனும் என்பது என்னை வெகுநாளாக உறுத்தும் விஷயம். நம் கல்வெட்டுகளில் சகோதரர்கள் அவரவர் ஆட்சியாண்டைப் போட்டுக்கொண்டு கோயிலுக்கு நிலம் எழுதிவைக்கிறார்கள். விளக்குக்கு ஆடு கொடுக்கிறார்கள். கல்லைப் படித்தால் சண்டை நடந்த வீடு என்றே தெரியாது. மெய்க்கீர்த்தி எழுதுகிறவனுக்கு அரசன் வென்ற நாடுகளின் பட்டியல் போதும். அந்தத் தாய் கல்லில் இல்லை. அவள் பெயர்கூட நமக்கு மிஞ்சவில்லை.

நவீன காலத்துக்கு வந்த பிறகும் இந்த மௌனம் தொடர்ந்தது. கல்கி 1950 முதல் 1954 வரை எழுதிய 'பொன்னியின் செல்வன்' தமிழின் பிரசித்தமான வாரிசுக் கதை. ஆதித்த கரிகாலன் கொலையில் தண்டிக்கப்பட்டவர்களின் பெயர்கள் உடையார்குடிக் கல்வெட்டில் இருக்கின்றன. கல்கியின் கையில் அந்தச் சாவு ஒரு புதிராகிறது. யார் குத்தியது என்பது வேண்டுமென்றே மூட்டமாக விடப்படுகிறது. நாவலின் கடைசிப் பாகத்துக்குப் பெயரே 'தியாக சிகரம்'. எல்லோரும் மாறி மாறி முடியை விட்டுக்கொடுக்கிறார்கள். மணி ரத்னம் இதை 2022இலும் 2023இலும் இரண்டு படங்களாக எடுத்தார். டிராகன் தொடர் விபத்தால் செய்வதைக் கல்கி தியாகத்தால் செய்துவிடுகிறார் என்று சொன்னால் அவருடைய ரசிகர்களுக்குக் கோபம் வரும். ஆனால் இரண்டும் ஒரே காரியம்தான். ரத்தம் சிந்தியிருக்கிறது, கை எல்லாம் சுத்தம்.

3

இதற்கு மாறான ஒன்றைக் கேட்க ஆரல்வாய்மொழிக் கணவாய்க்கு அந்தப் பக்கம் போக வேண்டும். நாஞ்சில் நாட்டிலிருந்து திருநெல்வேலியின் தென்பகுதிவரை வில்லுப்பாட்டுக்கு ஒரே மண்தான். அங்கே பாடப்படும் கதைகளில் ஒன்று 'தம்பிமார் கதை'.

சரித்திரம் இது. திருவிதாங்கூர் அரசன் ராம வர்மா 1729இல் இறந்தான். அங்கே மருமக்கள்தாயம், சகோதரியின் மகனுக்குத்தான் பட்டம். அரசன் பெற்ற ஆண்பிள்ளைகள் தம்பி என்ற பட்டத்தோடு நின்றுவிட வேண்டும். மருமகன் மார்த்தாண்ட வர்மன் பட்டத்துக்கு வந்தான். மகன்கள் பப்புத் தம்பியும் ராமன் தம்பியும் தங்களுக்குத்தான் உரிமை என்று எழுந்தார்கள். எட்டு வீட்டுப் பிள்ளைமார் அவர்கள் பக்கம் சேர்ந்தார்கள். தம்பிமார் கொல்லப்பட்டார்கள், பிள்ளைமாரும் அழிக்கப்பட்டார்கள். ரெய்னீராவின் வழக்கைத் தலைகீழாகப் பிடித்தால் இந்த வழக்கு. அங்கே பெண் என்பதால் மகளுக்கு இல்லை என்கிறார்கள். இங்கே பெண்வழியில் வராதவர்கள் என்பதால் மகன்களுக்கு இல்லை. இரண்டிலும் தகப்பனின் பாசம் ஒரு பக்கம், ஊர் வழக்கம் மறுபக்கம்.

வென்றவன் தரப்பை மலையாளத்தில் சி. வி. ராமன் பிள்ளை 1891இல் 'மார்த்தாண்டவர்மா' நாவலாக எழுதினார். அதில் தம்பிமார் துரோகிகள். தமிழில் வில்லுப்பாட்டுக்காரன் தோற்றவர்கள் பக்கம் உட்கார்ந்து பாடினான். தம்பிமாரின் தங்கையை அரசன் பெண் கேட்கிறான், அது கைகூடாமல் போகிறது, பகை முற்றுகிறது, அண்ணன் தம்பி இருவரும் வெட்டுப்படுகிறார்கள், தங்கையும் உயிரை மாய்த்துக்கொள்கிறாள். சட்டப்படி மார்த்தாண்ட வர்மனுக்கே உரிமை என்று பாடுகிறவனுக்கும் தெரியும், கேட்கிறவர்களுக்கும் தெரியும். கதை அந்த வழக்கை மறுவிசாரணை செய்யவில்லை. வெட்டுப்பட்டவர்கள் வெட்டுப்பட்டார்கள் என்பதையும், வெட்டச் சொன்னவன் இன்னான் என்பதையும் மட்டும் உரக்கச் சொல்கிறது.

இந்த வடிவத்தின் இயல்பைக் கவனிக்க வேண்டும். வில்லுப்பாட்டுக் கதைகளில் பெரும் பகுதி அகாலத்தில் கொல்லப்பட்டவர்களின் கதை. செத்தவன் கைலாயம் போகிறான், வரம் வாங்குகிறான், திரும்பி வந்து ஊரில் நிலையம் கேட்கிறான். கொடை நாளில் புலவர் கதையைச் சாவு வரைக்கும் கொண்டுவரும்போது உடுக்கும் குடமும் வேகம் பிடிக்கின்றன. கோமரத்தாடி மேல் சாமி வருகிறது. யாருடைய சாவைப் பாடுகிறார்களோ அவனே வந்து கேட்டுக்கொண்டு நிற்கிறான் என்பது நம்பிக்கை. வில்லுப்பாட்டு நிகழ்வின் மையமே இந்த இடத்தில் இருப்பதை ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் 1988இல் வெளியான தம் நூலில் விரிவாக ஆராய்ந்திருக்கிறார்.

என் வாதத்துக்கு இது முக்கியம். கேட்பவர்களில் ஒருவன் கொல்லப்பட்டவன். அவன் முகத்துக்கு நேரே, கை தவறிவிட்டது, காது தவறிவிட்டது என்று பாடகன் பாட முடியாது. வில்லுப்பாட்டில் நடுநிலை இல்லை; அது இருப்பதாகப் பாவனையும் இல்லை. பாடகன் எந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறான் என்பது எல்லோருக்கும் தெரியும். கேட்பவன் அதைக் கழித்துக்கொண்டு கேட்கலாம். மார்ட்டினின் விதூஷகன் மஷ்ரூமுக்கு இருக்கிற இந்த நேர்மை முகமில்லாத காமிராவுக்கு இல்லை. அந்த எலிபிடிப்பவன் நம் பக்கத்தில் தொங்கியிருந்தால் இந்நேரம் ஒரு மாடனாக நின்றிருப்பான். அரசனின் வாரிசுகள் வருஷா வருஷம் அவனுக்குக் கிடா வெட்டிக்கொண்டிருப்பார்கள்.

சிம்மாசனம் என்ன ஆயிற்று என்பதையும் சொல்லிவிடலாம். மார்த்தாண்ட வர்மன் இத்தனை ரத்தத்துக்குப் பிறகு 1750 ஜனவரியில் நாட்டையே பத்மநாபசாமிக்கு எழுதிவைத்துவிட்டு, தாசனாக நின்று ஆண்டான். இந்தத் தொடருக்கு மூத்த தொடரான 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' 2019இல் முடிந்தபோது ஒரு டிராகன் அரியணையை ஊதி உருக்கிவிட்டது. இரண்டுமே நாற்காலியைக் கண்ணிலிருந்து அகற்றும் வேலை. நாற்காலி போனால் கணக்கும் போய்விடும் என்ற எண்ணம். பத்மநாபசாமிக்குக் கொடுத்த பிறகும் தம்பிமார் கதை பாடப்பட்டுக்கொண்டுதான் இருந்தது.

4

வில்லுப்பாட்டைக் கொண்டாடி முடித்துவிடுவது என் நோக்கமில்லை. நம் பழமை எல்லாம் பொன் என்று சொல்லும் கூட்டத்தோடு எனக்குச் சேர்த்தி கிடையாது. அந்த வடிவத்துக்குள்ளும் கரைக்கும் வேலை நடந்திருக்கிறது.

முத்துப்பட்டன் கதையை எடுத்துக்கொள்வோம். இது அரியணைக் கதை அல்ல. ஆனால் பிறப்புரிமை பற்றிய கதை. பிராமணனான முத்துப்பட்டன் அண்ணன்மாரைப் பிரிந்து, வாலப்பகடையின் பெண்கள் பொம்மக்காவையும் திம்மக்காவையும் கட்டிக்கொண்டு செருப்புத் தைக்க உட்காருகிறான். மாமனாரின் மாட்டைக் கவர வந்தவர்களோடு போராடிச் சாகிறான். தனக்கு வந்த பெரிய பாகத்தைத் தானே உதறிய வாரிசு. இந்தக் கதையின் பிந்திய வடிவங்களில், அந்தப் பெண்கள் உண்மையில் பிராமணக் குழந்தைகள், காட்டில் கண்டெடுத்து வளர்க்கப்பட்டவர்கள் என்று ஒட்டுப்போட்டிருக்கிறார்கள். நா. வானமாமலை இதைப் பிடித்துக் காட்டினார். டிராகன் தொடரில் ரெய்னீராவின் பிள்ளைகளுக்கு வெள்ளித் தலைமயிர் இல்லை, கறுப்பு மயிர் என்பதைச் சுற்றி எத்தனை ஊழல், எத்தனை பொய்ச் சத்தியம்! ரத்தத்தைத் திருத்தி எழுதும் ஆசை அரண்மனைக்கு மட்டும் சொந்தமானதல்ல. வில்லடிக்கிறவனுக்கும் அது உண்டு.

இரண்டாவது குறை இன்னும் கனமானது. கொல்லப்பட்டவனுக்குப் பீடம் கிடைக்கிறது. கொன்றவன் குடும்பத்துக்கு நிலம் மிஞ்சுகிறது. கொடை ஒரு விதத்தில் ராஜியும்கூட. வருஷத்துக்கு ஒரு கிடாவும் ஒரு படையலும் கொடுத்துவிட்டால் செத்தவன் அடுத்த ஆடிவரை வாயைத் திறக்கமாட்டான். நியாயம் கேட்டு வந்தவனைச் சாப்பிட வந்தவனாக்கி அனுப்பிவிடலாம்.

இவ்வளவையும் ஒப்புக்கொண்ட பிறகும் ஒன்று மிஞ்சுகிறது. அது வினைச்சொல். வில்லுப்பாட்டில் 'வெட்டினான்' என்றால் வெட்டினவன் ஒருவன் உண்டு. நம் நவீன உரைநடை அந்த எழுவாயை எங்கோ தொலைத்துவிட்டது. கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் அண்ணன் தம்பிக்குள் பாகப்பிரிவினை நடக்காத ஊர் இல்லை. வரப்பில் அரிவாள் விழாத ஊரும் குறைவு. நம் கதைகளில் அது எப்படி வருகிறது? 'நேர்ந்துவிட்டது' என்று வருகிறது. 'என்னமோ ஆகிப்போச்சு' என்று வருகிறது. எழுதுகிறவன் இரண்டு அண்ணன்மாரையும் புரிந்துகொண்ட பெருமிதத்தில் பேனாவை மூடிவிடுகிறான். செத்தவனின் பெண்டாட்டி வாசலில் நிற்கிறாள், அவளுக்கு இந்தப் புரிதலால் என்ன பிரயோஜனம்? நண்பர் அமெரிக்கத் தொடரிலிருந்து கற்றுக்கொள்ளச் சொன்னதை நாம் கற்க வேண்டியதே இல்லை. அதில் நாம் ஏற்கெனவே தேர்ந்தவர்கள்.

இரு தரப்பையும் புரிந்துகொள்வது எழுத்தாளனின் கடமை என்பதை நான் மறுக்கவில்லை. புரிந்துகொண்ட பிறகும் பெயர் சொல்ல வேண்டும் என்கிறேன். ஏமண்டின் திகைப்பை எனக்குக் காட்டட்டும். அதன் பிறகு, அந்தச் சிறுவனைக் கொன்றது அவன்தான் என்று சொல்லட்டும். புரிதல் தீர்ப்பின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும்போது கலை செத்தவர்களுக்கு எதிரான கட்சியில் சேர்ந்துவிடுகிறது.

பாபநாசத்துக்கு மேலே காரையாறில் சொரிமுத்து அய்யனார் கோயில் இருக்கிறது. ஆடி அமாவாசைக்கு ஜனங்கள் குடும்பம் குடும்பமாகப் போய்க் காட்டில் தங்குவார்கள். சிங்கம்பட்டி ஜமீன்தார் முருகதாஸ் தீர்த்தபதி, ஜமீன் ஒழிந்து பல பத்தாண்டுகள் ஆன பிறகும், 2020இல் காலமாகும் வரை, அந்த நாளில் ராஜ உடை தரித்து அங்கே கொலுவிருப்பார். நாடு இல்லாத ராஜா. அதே கோயிலில் பட்டவராயனாக நிற்கிறவன் முத்துப்பட்டன். அவனுக்கு ஜனங்கள் செருப்பைக் காணிக்கையாகக் கொண்டுவந்து கட்டுகிறார்கள். சிம்மாசனத்தையும் பீடத்தையும் ஒரே இடத்தில் பார்க்க வேண்டுமானால் அங்கே போய்ப் பார்க்கலாம்.

அந்தச் சிங்கம்பட்டி ஜமீன் 1929இல் தன் மலைக்காட்டில் 8374 ஏக்கரை 99 ஆண்டுக் குத்தகைக்கு ஒரு வெள்ளைக்காரக் கம்பெனிக்குக் கொடுத்தது. மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டம் அப்படி வந்தது. அந்தத் தோட்டத் தொழிலாளருக்காக 1999 ஜூலை 23 அன்று திருநெல்வேலியில் கலெக்டர் அலுவலகத்தை நோக்கி ஊர்வலம் போனவர்கள் தடியடியில் தாமிரபரணிக்குள் விரட்டப்பட்டார்கள். 17 பேர் செத்தார்கள், ஒன்று கைக்குழந்தை. நீரில் மூழ்கிச் செத்தார்கள் என்றது அரசுத் தரப்பு.

மூழ்கிச் செத்தார்கள் என்ற வாக்கியத்திலும் எழுவாய் இருக்கிறது, செத்தவர்களே எழுவாய். ஆர். ஆர். சீனிவாசன் அந்தச் சாவுகளைப் பற்றி 'ஒரு நதியின் மரணம்' என்ற ஆவணப்படம் எடுத்தார். வில் அவர்களுக்காக இன்னும் கட்டப்படவில்லை. ஆற்றங்கரையில் உட்கார்ந்து எழுதுகிற நமக்கு வெஸ்டெரோஸின் நாற்காலி யாருக்குப் போகும் என்ற கவலை நிறைய இருக்கிறது.